நீல டின்னிலிருந்து பீட்சா வரை: குமரியிலும் அக்கம்பக்கத்திலும் சீஸ் வந்த வழி

குழித்துறைக்காரன் (இழையைத் தொடங்கியவர்):

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி மகளுக்குப் பிறந்தநாள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையிலிருந்து பீட்சா வாங்கி வந்தோம். அம்மாவுக்கு 78 வயது. ஒரு துண்டைப் பிய்த்தார். நூல் நூலாக நீண்டு வந்ததை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது அந்த நீல டின்னுல வந்த சாதனம் இல்லியே" என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

1983 டிசம்பரில் அப்பா சவூதியிலிருந்து முதல் லீவில் வந்தபோது பெட்டியில் ஆறு கிராப்ட் சீஸ் டின் இருந்தது. டின் திறக்கிற கருவி எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா வாசல்படியில் உட்கார்ந்து, வெட்டோத்தியின் முனையை விளிம்பில் வைத்து, அம்மிக்குழவியால் தட்டித் தட்டித் திறந்தார். கவிழ்த்தால் உள்ளே இருப்பது விழவில்லை. அடியிலும் ஒரு ஓட்டை போட்டுக் காற்று புகுந்த பிறகுதான், டின்னின் வளையம் பதிந்த தடத்தோடு 'பொளக்' என்று வாழையிலையில் வந்து நின்றது. அம்மா அதைத் துண்டு போட்டு அயல்வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாளே இரண்டு வீட்டிலிருந்து "இதை எப்படித் திங்கணும்" என்று கேட்டு வந்தார்கள். ஒரு மாமி மட்டும் யாரையும் கேட்காமல் வெந்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) சேர்த்து மசித்துவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த லீவு எப்போது என்று கேட்க ஆரம்பித்தார்கள். காலி டின்கள் ரொம்ப வருடம் அரிசி அளக்கக் கிடந்தன.

என் மனைவிக்கு வள்ளியூர். 2004ல் கல்யாணம் ஆகும்வரை சீஸை டிவி விளம்பரத்தில் பார்த்ததோடு சரி என்கிறாள். திருவனந்தபுரத்தில் என்னோடு வேலை பார்க்கிறவர் வீட்டிலோ எழுபதுகளிலேயே அமுல் டின் இருந்திருக்கிறது. இந்த மூன்று ஊரையும் ஒரு காலைப்பொழுதில் பஸ்ஸிலேயே தாண்டிவிடலாம். சீஸ் தாண்டி வர முப்பது வருடம் ஆகியிருக்கிறது.

என் கருத்து இது: சீஸுக்கு எல்லை, தமிழ்நாடும் கேரளமும் பிரிகிற களியக்காவிளை இல்லை. விளவங்கோடும் கல்குளமும் இந்த விஷயத்தில் திருவனந்தபுரத்தோடு சேர்ந்தவை. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் நெல்லையோடு சேர்ந்தவை. 1956 நவம்பர் 1ல் குமரியின் இந்த நாலு தாலுகாவும் ஒன்றாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன, நாக்கு மட்டும் அவரவர் வழியில் நின்றுவிட்டது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஆரல்வாய்க்காற்று:

பாதி சரி. நாங்கள் தோவாளைப் பக்கம். வயல், நெல்லுச்சோறு, தயிர். ஆச்சிக்குத் தயிர் என்றால் சட்டியைக் கவிழ்த்தாலும் விழக்கூடாது. அந்த வீட்டில் போய் இன்னொரு பால்கட்டிக்கு இடம் ஏது?

எங்களுக்குச் சீஸ் நேராக வரவில்லை, பன்னீர் வேஷத்தில் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாண ரிசப்ஷன். வாசலில் தெளிக்கிற பன்னீரை இலையிலும் வைக்கிறார்களா என்று பெரியப்பா கேட்டார். (இந்த நகைச்சுவை தமிழ்நாட்டில் எல்லா வீட்டிலும் ஒருமுறை நடந்திருக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது, என்ன செய்ய.) வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "அவியல்ல கிடக்க சேனைக்கு இதவிட ருசி உண்டு" என்று ஓரமாக ஒதுக்கினார்.

ஆனால் அகஸ்தீஸ்வரத்தை எங்களோடு சேர்க்காதீர்கள். 1970ல் விவேகானந்தர் பாறை திறந்தபிறகு கன்னியாகுமரி ஊருக்கு வடக்கத்தியர்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். அவர்களுக்காக அங்குள்ள ஓட்டல்களில் பன்னீர் எப்போதோ வந்துவிட்டது. என் சித்தப்பா அங்கே ஒரு லாட்ஜில் கணக்கெழுதினார். பாலக் பன்னீர் என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் முதலில் சொன்னவர் அவர்தான். சொன்னாரே தவிர சாப்பிடவில்லை.

பொருநைக்கரை:

அண்ணாச்சி, வள்ளியூர் மைனி ஒருத்தரை வைத்து நெல்லை மொத்தத்தையும் எடை போட்டுவிட்டீர்களே.

கடையநல்லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 வரை எங்கள் மாவட்டம், இப்போது தென்காசி. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் என்று சொல்லுமளவுக்கு ஆள் போன ஊர். மேலப்பாளையமும் அப்படித்தான். பாளையங்கோட்டையில் என்னோடு படித்த மேலப்பாளையம் பையன் 1986லேயே டிபன் டப்பாவில் ரொட்டிக்கு நடுவில் சீஸ் வைத்துக் கொண்டுவருவான். எங்கள் தெருவில் அப்போது ரொட்டி என்றாலே காய்ச்சல்காரர் சாப்பாடு. அவனுக்கு உடம்புக்கு என்ன என்று என் அம்மா கவலைப்பட்டிருக்கிறார்.

அதனால் தாலுகா கணக்கை விடுங்கள், விசா கணக்கைப் பாருங்கள். 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா, எந்தத் தெருவிலிருந்து ஆள் போனதோ அந்தத் தெருவுக்கு டின் வந்தது.

இன்னொன்று. விசா இல்லாத நெல்லையில் சீஸ் சைவமாக நுழைந்தது. சீஸ் தோசை, சீஸ் ஊத்தப்பம், பன்னீர் பட்டர் மசாலா. உங்கள் பக்கம் கோழியோடு நுழைந்தது. இந்த வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் சைவ ஓட்டலில் சீஸ் தோசை கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குழித்துறையில் கேட்டுப் பாருங்கள்.

குழித்துறைக்காரன்:

விசா கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். கோழியும் சரிதான். இங்கே சீஸ் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஷவர்மா, பர்கர், அல்ஃபாம் என்றுதான் வாங்குகிறார்கள். தோசையில் சீஸ் போட்டால் என் அம்மா கல்லை எடுத்து வெளியே வைத்துவிடுவார்.

நேமம்காரி:

திருவனந்தபுரத்துக்காரி பேசலாமா? அம்மா வீடு தக்கலை, பிறந்து வளர்ந்தது எல்லாம் நேமம்.

நீங்கள் நினைக்கிற அளவுக்கு இங்கே யாரும் சீஸில் குளிக்கவில்லை. எழுபதுகளில் அமுல் டின் இருந்தது உண்மை, ஆனால் அது அரசாங்க வேலைக்காரர் வீட்டு அலமாரியில் விருந்தாளிக்காகக் காத்திருந்த டின். எங்கள் வீட்டில் ஒன்று வாங்கினார்கள். அதன் தேதி முடிந்து அம்மா அழுதது நினைவிருக்கிறது. 1990ல் டெக்னோபார்க் வந்து, வெளியூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு வீடு எடுத்து, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பாடு தேட ஆரம்பித்த பிறகுதான் சாதாரணக் கடையில் சீஸ் ஸ்லைஸ் தொங்க ஆரம்பித்தது. பீட்சா கம்பெனிகள் இந்தியாவுக்கு வந்ததே 1996ல். அவர்கள் எங்கள் ஊர்வரை இறங்கி வர இன்னும் பல வருடம் ஆனது.

ஒரு சந்தேகம். மலையாளத்தில் சீஸுக்குப் 'பால்க்கட்டி' என்பார்கள். தக்கலைப் பாட்டியும் பால்கட்டி என்றுதான் சொல்லுவார். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் 'பாலாடைக்கட்டி' என்று இருக்கிறது. உங்களில் யாராவது கடையில் போய்ப் பாலாடைக்கட்டி கேட்டதுண்டா?

நெய்யூர் வாத்தியார்:

நல்ல இடத்தில் கேட்டீர்கள் மகளே. முப்பத்திரண்டு வருடம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன் நான். பால்பொருள்கள் பாடத்தில் 'பாலாடைக்கட்டி' வரும். ஒருமுறை ஒரு பையனை எழுப்பிப் பாலாடைக்கட்டி என்றால் என்ன என்று கேட்டேன். "பாலடைப் பாயசம் ஆறிப்போனா கட்டியாவும்லா சார், அது" என்றான். வகுப்பு சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒரே 'அடை' கல்யாணப் பாயசத்து அடை. சீஸைக் கண்ணால் பார்க்காத பிள்ளையிடம் அந்த வார்த்தையைக் கொடுத்தது புத்தகத்தின் தவறு. அரை மார்க் போட்டேன்.

ஆனால் 'பால்கட்டி' என்ற சொல் மலையாளத்திலிருந்து நமக்கு வந்தது என்று சொல்லிவிட வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் சாமுவேல் முதல் புத்தகம் 17ஆம் அதிகாரம். ஈசாய் தன் மகன் தாவீதிடம் போர்க்களத்துக்குக் கொடுத்தனுப்புகிற பொருள்களில் பத்துப் பால்கட்டி இருக்கிறது, படைத்தலைவனுக்கு. ஆக, நம் ஊரில் சபைக்குப் போகிற வீடுகளில் சீஸைத் தின்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே அதை வாசித்திருக்கிறார்கள். கோலியாத்துக் கதை ஞாயிறு பள்ளியில் எல்லோருக்கும் மனப்பாடம், அந்தப் பத்துக் கட்டி மட்டும் யார் கண்ணிலும் பட்டதில்லை.

இன்னொரு வேடிக்கை. யோபு 10ஆம் அதிகாரத்தில், என்னைப் பாலாக வார்த்து உறையச் செய்தீரே என்று யோபு கடவுளிடம் முறையிடுவார். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் சீஸ் என்று இருக்கும். தமிழில் தயிர் என்று வைத்தார்கள். மொழிபெயர்த்தவருக்கு நம் ஊர்ச் சட்டி தெரிந்திருக்கிறது. பாடப்புத்தகம் எழுதியவருக்கு அது வாய்க்கவில்லை.

மேலைநாட்டுப் பால் நமக்கு முதலில் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சீஸாக இல்லை, பொடியாக. 1954ல் அமெரிக்கா பி.எல். 480 என்று ஒரு சட்டம் போட்டது. அவர்கள் நாட்டில் மிஞ்சிய கோதுமையும் பால்பவுடரும் அதன் வழியாக நம் கிறிஸ்தவக் கோயில் வளாகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வந்து இறங்கின. எங்கள் தலைமுறையில் பலர் அந்தப் பவுடரை உள்ளங்கையில் கொட்டி நக்கி, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேசமுடியாமல் நின்றவர்கள்.

வடசேரிச்சந்தை:

சார் அருமை. அரை மார்க் போட்டதற்கு ஒரு கும்பிடு. ஆனால் என் கேள்வி வேறு. இங்கேயும் மாடு இருக்கிறது, பால் இருக்கிறது. நாமே ஏன் சீஸ் செய்யவில்லை? கொடைக்கானல் சீஸ் என்கிறார்கள், ஆரோவில் சீஸ் என்கிறார்கள். குமரி சீஸ் என்று ஒன்று ஏன் இல்லை?

கறவைக்கணக்கு:

பால் பதப்படுத்துகிற இடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவன். எங்கே என்று கேட்கவேண்டாம்.

முதல் காரணம் கணக்கு. பத்து லிட்டர் பசும்பால் ஊற்றினால் சுமார் ஒரு கிலோ செடார் மாதிரி சீஸ் கிடைக்கும். பாக்கி எல்லாம் மோர்த்தெளிவு. அதை விற்க வழி இல்லையென்றால் ஓடையில்தான் விடணும். அப்புறம் அந்த ஒரு கிலோவைப் பத்துப் பதினைந்து டிகிரிக் குளிரில் மாதக்கணக்கில் முதிரவிடணும். கொடைக்கானலுக்கு அந்தக் குளிரில் பாதியை மலையே கொடுக்கிறது. நமக்கு அட்டையிலும் அரிசியிலும் பூஞ்சை பிடிக்கிற ஈரக்காற்று.

இரண்டாவது, பால் மிஞ்சினால்தானே? ரப்பரும் தென்னையும் நிற்கிற ஊரில் மேய்ச்சல் நிலம் குறைவு. கிடைக்கிற பால் விடியும்முன் சாயாவுக்குப் போய்விடும். கேரளமோ ஓணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பால் வாங்குகிற மாநிலம். பாலே மேற்கே போகிற ரோட்டில் சீஸுக்கு யார் நிறுத்துவார்கள்? விளவங்கோட்டுக் குசினியில் பால் செய்யவேண்டிய வேலையை மீன்குழம்பு முதல் பிரதமன் பாயசம்வரை தேங்காய்ப்பால் செய்துவிடுகிறது என்பதும் உண்டு.

மூன்றாவது, நாட்டின் கொள்கை. 1970ல் தொடங்கி 1996 வரை நடந்த ஆபரேஷன் ஃபிளட் திட்டத்தின் நோக்கம் நகரத்துக்குக் குடிக்கிற பால். தொடக்கத்தில் ஐரோப்பாவில் மிஞ்சிய பால்பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் தானமாக வந்தன. அவற்றைக் கலக்கிப் பாலாக்கி விற்று, அந்தப் பணத்தில் கூட்டுறவுகளை வளர்த்தார்கள். வாத்தியார் சொன்ன பொடிக்கதையின் இரண்டாம் பாகம் இது. கேரளத்தில் 1980ல் மில்மா வந்தது, இங்கே ஆவின். இரண்டுமே அடிப்படையில் கவர்பால் விற்கப் பிறந்தவை. இத்தனைக்கும் சூத்திரதாரி, அமுலை வளர்த்த குரியன் கோழிக்கோட்டில் பிறந்தவர், சீஸ் டின் போட்டது குஜராத்தில்.

உலகத்தோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். பிரான்சில் ஆளுக்கு வருடத்துக்கு 25 கிலோவுக்கு மேல். அமெரிக்காவில் 1970ல் சுமார் 5 கிலோ, இப்போது 18 கிலோ. அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு பீட்சாவுக்கு. 2010 வாக்கில் அங்கே பீட்சாவில் போடுகிற மொசரெல்லா செடாரையே முந்திவிட்டது. நம் நாட்டில் பன்னீரைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஒரு கிலோகூடத் தொடாது. ஆனால் ஏறுகிற வழி அதே வழிதான். இங்கேயும் ஏற்றிவிடுவது பீட்சா அடுப்பு.

அந்த நீல டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. பதப்படுத்திய சீஸை முதலில் செய்தவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள், 1911ல். சீஸை உருக்கி, சிட்ரேட் உப்புச் சேர்த்து மறுபடி கட்டியாக்கினார்கள். வெப்பநாடுகளுக்கு அனுப்பினால் கெட்டுப்போகக்கூடாது என்பதுதான் நோக்கம். அமெரிக்காவில் கிராப்ட் 1916ல் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கி, முதல் உலகப்போரில் ராணுவத்துக்கு டின்னில் அடைத்துக் கொடுத்தார். குழித்துறைக்காரர் வீட்டு வாசல்படிக்கு அது வந்தது தற்செயல் இல்லை. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காகவே பிறந்த பண்டம் அது.

குலசேகரம் பால்வெட்டு:

கறவைக்கணக்கு சார், நீங்கள் சொல்வதை வாசித்துக்கொண்டே வந்தேன். எங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். நாங்கள் தினமும் இதைத்தான் செய்கிறோம், தின்பதில்லை, அவ்வளவுதான்.

விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டி, சிரட்டையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, அரித்து, தண்ணீர் கலந்து டிஷ்ஷில் ஊற்றுவோம். ஆசிட் விட்டுக் கையால் ஒரு சுற்று, நுரையை வழித்து எடுத்தால் பிறகு உறைந்துவிடும். வெள்ளையாக, தொட்டால் குலுங்கும். ஓரத்தில் மஞ்சளாகத் தண்ணீர் நிற்கும், உங்கள் மோர்த்தெளிவு மாதிரியே. அதை மிஷினில் போட்டு நாலைந்து ஓட்டு ஓட்டித் தண்ணீரைப் பிழிந்து, கொடியில் தொங்கவிட்டு, புகை போட்டால் ஷீட். உறையவை, பிழி, தொங்கவிடு, புகைபோடு. யூடியூபில் இத்தாலிக்காரன் சீஸ் செய்வதை என் மகன் காட்டினான். "இவனுக்கு நம்ம புரையில வேலை கொடுக்கலாம்லே" என்றேன்.

இன்னொன்றும் சொல்லணும். இந்தப் பக்கம் பேக்கரி பெருகியது வளைகுடாவால் மட்டுமில்லை. 2011ல் ரப்பர் கிலோ 240 ரூபாய் வரை போனது. அந்த ஒன்றிரண்டு வருடத்தில் கையில் காசு நின்றது. பிரிட்ஜ் மாற்றினார்கள், பைக் வாங்கினார்கள், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். பிறகு விலை பாதிக்குமேல் விழுந்தது. ஆனால் பிள்ளைகளின் பழக்கம் விலையோடு சேர்ந்து விழவில்லை.

கறவைக்கணக்கு:

இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லையே! ஒரே ஒரு திருத்தம். ஆசிட் விட்டு உறையவைப்பது பன்னீருக்குப் பொருந்தும். கொதித்த பாலில் எலுமிச்சை அல்லது வினிகர் விடுகிறோம், அது எத்தனை சூட்டிலும் உருகாது. மொசரெல்லாவுக்கு ஆசிட் மட்டும் போதாது, ரென்னெட் என்ற நொதி வேண்டும். அது பாலிலுள்ள ஒரு புரதத்தைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டுகிறது. அதனால்தான் சுடும்போது இழுபடுகிறது. பழைய காலத்தில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். நம் நாட்டுச் சீஸில் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதி, அதனால்தான் பச்சைப்புள்ளி.

மார்த்தாண்டம் அடுப்பு:

பேக்கரி நடத்துகிறவன். இதுவரை சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

நான் 2009ல் கடை போட்டபோது ஒரு கிலோ சீஸ் வாங்கினால் ஒரு மாதம் ஓடும். அதுவும் ஓரம் காய்ந்து, வெட்டி எறிந்ததுபோக. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் நாலு கிலோ. ஆனால் 'சீஸ்' என்று நாம் சொல்வதில் எவ்வளவு சீஸ் என்பதுதான் கேள்வி. பாக்கெட்டின் பின்னால் வாசித்துப் பாருங்கள். பாலை மட்டும் வைத்துச் செய்தது ஒன்று, தாவர எண்ணெய் சேர்த்தது இன்னொன்று. இதற்கு அனலாக் என்று பெயர். உள்ளே பெரும்பாலும் பாமாயில். விலை நல்லாவே குறைவு. பாதிக்குப் பாதி கலந்து போடுகிற கடைகள் உண்டு. அடுப்பிலிருந்து எடுத்தவுடன் இரண்டும் ஒரே மாதிரி இழுபடும். கண்டுபிடிக்கணும் என்றால் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். நல்ல சீஸ் இறுகும், ஆனால் கடிபடும். மற்றது குலசேகரத்து அண்ணன் ஷீட்தான், நாலாம் தரம்.

நான் கலக்குவதில்லை. அதனால் என் பீட்சா முப்பது ரூபாய் கூடுதல். அதற்கு வாங்குகிற திட்டு தனி.

கேரளத்தில் 2023 ஜனவரியிலும் இங்கே 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை வந்தபோது, களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற பையன்கள் அதற்குப் பதில் சீஸ் சாஸ் கேட்க ஆரம்பித்தார்கள். பிறகு இந்தப் பக்கத்துப் பையன்களும். 2025 செப்டம்பரில் சீஸுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 ஆனது. விலையைக் குறைத்தாயா என்று கேட்காதீர்கள். குறைத்தேன், ஐந்து ரூபாய்.

கருங்கல் சிஸ்டர்:

குவைத்தில் பதினோரு வருடம் நர்ஸ். ஊருக்கு வரும்போது எல்லோரும் கேட்பது தங்கமும் தைலமும்தான் என்று சொல்வார்கள். என் தங்கை பிள்ளைகள் கேட்டது 'சிரிக்கிற மாடு' சீஸ். வட்டப் பெட்டியில் எட்டு முக்கோணம், சிவப்பு நூலை இழுத்தால் திறக்கும். ஒன்றை நாலாக்கி வைத்து விளையாடுவார்கள், தின்ன மனம் வராது. விமானத்தில் சூட்கேஸுக்குள் நசுங்காமல் இருக்கத் துவாலையில் சுற்றிக் கொண்டுவருவேன்.

கறவைக்கணக்கு சொன்ன டின் விஷயம் எனக்கு 2017ல் தெரிந்தது. நவம்பர் 30, ஒக்கி புயல். நான் லீவில் வந்திருந்தேன். எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் மரங்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. கம்பம் முறிந்து பத்து நாளுக்குமேல் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் தெருவில் எல்லா வீட்டு பிரிட்ஜையும் காலி செய்தோம். மீனைக் குழிவெட்டிப் புதைத்தோம். மொசரெல்லா பாக்கெட் பச்சை பிடித்து ஊதியிருந்தது. ஸ்லைஸ் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. நான் கொண்டுவந்த இரண்டு டின் மட்டும் அலமாரியில் ஒன்றும் ஆகாமல் இருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒன்பது பேர் ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டோம். கடற்கரை ஊர்களில் போன படகு திரும்பவில்லை என்று அழுதுகொண்டிருந்த நாட்கள் அவை. எங்கள் பிரிட்ஜ் கதை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஆனாலும் சீஸ் என்றால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

பொருநைக்கரை:

சிஸ்டர், நெல்லையிலிருந்து அப்போது மின்வாரிய ஆட்கள் பலர் அங்கே கம்பம் நட வந்தார்கள். என் மாமா ஒருவர். மூன்று வேளையும் மரச்சீனியும் மீனும் போட்டு அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் சொல்லுவார்.

குழித்துறைக்காரன்:

என் தாலுகாக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன். இப்போது எனக்குத் தோன்றுவது இது. இங்கே வந்தது ஒரு பண்டம் இல்லை, இரண்டு. டின்னில் வந்தது ஒன்று. அது வீட்டுக்குள் வந்தது, ஒருவர் பெட்டியில் வந்தது, பங்கு போட்டுத் தின்றது. எந்தத் தெருவுக்கு வரும் என்பதை விசா தீர்மானித்தது. நெல்லை, குமரி, திருவனந்தபுரம் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. இரண்டாவது அடுப்பில் வந்தது. அது கடையில் பிறந்து கடையிலேயே முடிகிறது. வீட்டு பிரிட்ஜில் மொசரெல்லா வைத்திருக்கிறவர்கள் எங்கள் தெருவில் மூன்று வீடு இருக்கலாம். சைவமா கோழியா என்ற வித்தியாசம் இந்த இரண்டாவதுக்குத்தான். பீட்சாவைத் தின்று அம்மா சொன்னதும் அதைத்தான், நான்தான் இத்தனை பேரைப் பேசவைத்துவிட்டேன்.

ஆரல்வாய்க்காற்று:

அப்போ பன்னீர்? அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்?

குழித்துறைக்காரன்:

பெரியப்பா வைத்த இடத்திலேயே இருக்கட்டும். இலை ஓரம்.

நேமம்காரி:

எல்லாம் சரி, அந்த மாமி மரச்சீனியில் சீஸ் போட்டு மசித்தாரே, அதை யாரும் கேட்கவில்லையே? நான் நேற்று ராத்திரி மொசரெல்லா போட்டுச் செய்து பார்த்தேன். கண்ராவியாக வந்தது. அளவு தெரியுமா?

குழித்துறைக்காரன்:

மாமி இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். போன் போட்டுக் கேட்டேன். கிழங்கு நன்றாக வெந்ததும் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வடித்துவிடணும், கட்டும் (கிழங்கிலுள்ள நச்சு) அதோடு போகும். அடுப்பை அணைத்துவிட்டு ஆவி பறக்கும்போதே சீஸைக் கையால் பிய்த்துப் போடணும், துருவவேண்டாம். ஒரு கிலோ கிழங்குக்குச் சின்ன டின் ஒன்று போதும். உப்பு அதிலேயே இருக்கிறது, தனியாகப் போட்டால் கெட்டது. காந்தாரி மிளகாயும் நாலு சின்ன உள்ளியும் நசுக்கி, கடைசியில் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி. டின் சீஸோ அந்த முக்கோணமோதான் போடணும், அது கிழங்கோடு கரைந்துவிடும். மொசரெல்லா போட்டால் ஒட்டாமல் தனியே திரண்டு, அகப்பையில் ரப்பர் ஒட்டுப்பால் மாதிரி தொங்கும் என்றார். உங்களுக்கு அதுதான் ஆகியிருக்கும்.